மூட்டை சிரிக்கும் முன்

1

இந்தக் கதை என் இடது தோளிலிருந்து பிறந்தது. மனத்திலிருந்து பிறந்தது, ஆழத்திலிருந்து பிறந்தது என்றெல்லாம் சொல்லத்தான் எழுதுகிறவர்களுக்கு ஆசை. நானும் முதல் வரைவில் அப்படி ஒரு பந்தா விட்டிருந்தேன். பிறகு அடித்துவிட்டேன். தோள்தான். அதற்கு என்ன ஆயிற்று என்று கடைசியில் சொல்கிறேன், அல்லது சொல்லாமல் விடுகிறேன். இப்போதைக்கு வலிக்கிறது, நான் இடது கைப் பழக்கக்காரன், எழுத்து கோணலாகப் போகிறது. இவ்வளவு தெரிந்தால் போதும்.

நடந்தது இது. ஒரு மாலை, கொட்டும் மழை. குடை இல்லாமல் திறந்திருந்த ஒரு கதவுக்குள் ஓடினேன். அது அனிமேஷன் கற்றுக்கொடுக்கும் ஒரு பள்ளியின் சின்ன அரங்கம். முதல் பருவ மாணவர்கள் வரைந்த படங்களை அவர்கள் வீட்டார் முன்னால் போட்டுக் காட்டும் நாள். மூன்றாவது வரிசையில் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். உட்கார்ந்த நேரம், புரொஜெக்டர் மக்கர் பண்ணியது. அதைத் தட்டிக் கொட்டிச் சரிசெய்யும்வரை, எனக்கு இடது பக்கம் இருந்த அம்மா நான் யார், எவர் என்றுகூடக் கேட்காமல் தன் வீட்டுக்காரரைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

வீட்டுக்காரர் முன்வரிசையில் மாணவர்களோடு இருந்தார். காதில் வளையமும் தலையில் நீலச் சாயமுமாக இருந்த பிள்ளைகளுக்கு நடுவே ஒரு வழுக்கைத் தலை. எனக்குத் தெரிந்தது பின்மண்டை மட்டும். ஆகவே இந்தக் கதையில் பாதி அந்த அம்மா சொன்னது, மீதி பாதி அந்தப் பின்மண்டையைப் பார்த்து நானாகக் கட்டியது. எது பால், எது தண்ணீர் என்று பிரித்துக் காட்டச் சொல்லாதீர்கள். நான் அன்னப்பறவை இல்லை.

2

தொடக்கங்கள்.

"அசைவே உயிர். அசைவின்மையே மரணம். இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு மாவு மூட்டை—"

[நிறுத்து. எடுத்த எடுப்பிலேயே தத்துவமா? வாசகர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.]

"அன்று காலை கண்விழித்தபோது அவருக்கு—"

[கதைகளில் வருகிற ஆண்களெல்லாம் ஏன்தான் காலையில் கண்விழித்துத் தொலைக்கிறார்களோ.]

"ஆயுள் முழுக்க மனிதர்களிடம் 'அசையாதீங்க' என்று சொல்லிப் பிழைத்தவர், தலை வழுக்கையான பிறகு ஒரு மூட்டையை அசைக்கக் கற்றுக்கொள்ளப் போனார்."

இது தேவலாம். இதையே வைத்துக்கொள்வோம்.

அவர் பாஸ்போர்ட் போட்டோ எடுக்கும் ஸ்டூடியோ வைத்திருந்தவர். பிள்ளைகள் அவரை 'அங்கிள்' என்றார்கள், பாடம் நடத்துகிற இளம்பெண் 'சார்' என்றாள், நான் ஸ்டூடியோக்காரர் என்கிறேன். வெள்ளைத் திரை, சுழலும் முக்காலி, இரண்டு குடை விளக்கு. "தாடையை இறக்குங்க. தோளை நேரா வைங்க. சிரிக்கக் கூடாது. அசையாதீங்க." இந்த நாலு வாக்கியத்தில் அவர் பெண்ணைப் படிக்கவைத்தார், கல்யாணம் செய்துகொடுத்தார், வீடு கட்டினார். ஐந்தாவது வாக்கியம் அவருக்குத் தேவைப்படவே இல்லை.

கடையை விற்றபோது அவர் அழவில்லை. வாங்கியவர் அங்கே செல்போன் உறை விற்கப்போவதாகச் சொன்னதும் "நல்லா ஓடும்" என்று கைகுலுக்கிவிட்டு வந்து, மத்தியானம் குறட்டை விட்டுத் தூங்கினார். பழைய கடையை நினைத்துக் கண்கலங்கும் கதை வேண்டுமென்றால் வேறு ஆளிடம் போங்கள்.

சிக்கல் வேறு பக்கத்திலிருந்து வந்தது. வெளியூரில் இருக்கும் மகள் போன் பண்ணினாள்.

"அப்பா, அம்மா சிரிக்கிற மாதிரி ஒரு போட்டோ அனுப்புப்பா. இங்க சுவத்துல மாட்டணும்."

"ஆல்பம் ஆல்பமா இருக்கேம்மா. எது வேணும்?"

தேடினார். கல்யாணப் படம், மகள் பிறந்தபோது எடுத்தது, கடல் பக்கம் எடுத்தது, புதுக்காருக்குப் பக்கத்தில் எடுத்தது. எல்லாவற்றிலும் அவர் மனைவி உதட்டை இறுக்கிக்கொண்டு, மூக்கு விடைத்து, புருவம் நெரித்து நின்றார். ஒன்றிலும் சிரிப்பு இல்லை. ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் படம் எடுத்த மனிதரிடம், சொந்தப் பெண்டாட்டி சிரிக்கிற படம் ஒன்றே ஒன்று இல்லை.

"என்னப்பா, எல்லாத்துலயும் அம்மா திட்டப்போற மாதிரியே இருக்காங்க?" என்றாள் மகள், அனுப்பியவற்றைப் பார்த்துவிட்டு.

அதுதான் கொடுமை. ஏனென்றால் அந்த அம்மா சிரித்தால் தெருவே திரும்பிப் பார்க்கும். அது உதட்டோடு நின்றுவிடும் சிரிப்பு இல்லை. தோள் சிரிக்கும், கை சிரிக்கும், நாற்காலி சிரிக்கும். ஒரு படத்தில் அது அடங்காது. பல படம் வேண்டும் என்று ஸ்டூடியோக்காரருக்குத் தோன்றியது. மறுநாள் அனிமேஷன் பள்ளியில் பெயரைக் கொடுத்துவிட்டார். எதற்கு என்று மனைவியிடம் சொல்லவில்லை. "பொழுது போகணுமே" என்றார்.

3

இந்தப் பகுதியில் பாடம் வருகிறது. பயப்படாதீர்கள், எனக்கும் அரைகுறையாகத்தான் தெரியும்.

முதலில் பந்து. மேலே இருக்கும்போது பந்து மெதுவாக நகரும், கீழே வர வர வேகம் பிடிக்கும், தரையில் பட்டதும் அமுங்கும், எழும்பும்போது நீளும். அதன்படி வரைய வேண்டும். ஸ்டூடியோக்காரர் எல்லா இடைவெளியையும் ஸ்கேல் வைத்துச் சமமாகப் பிரித்து, எல்லாப் பந்தையும் ஒரே வட்டமாக வரைந்தார். பந்து லிஃப்டில் இறங்குவதுபோல இறங்கி, லிஃப்டில் ஏறுவதுபோல ஏறியது. பக்கத்து மேசை நீலத்தலைப் பெண் பார்த்துவிட்டு, "அங்கிள், பந்து எந்த மாடிக்குப் போகுது?" என்றாள்.

அடுத்தது மூட்டை. மாவு மூட்டை. அதற்கு முகம் கிடையாது. கண், மூக்கு வரைந்தால் மதிப்பெண் போச்சு. நான்கு மூலையும் வாயைக் கட்டிய கயிறும்தான் அதன் சொத்து. அவற்றை மட்டும் வைத்து, மூட்டையின் மனத்தில் என்ன ஓடுகிறது என்று பார்ப்பவருக்குப் புரியவைக்க வேண்டும். பருவத் தேர்வே அதுதான். தேறினால் அடுத்த பருவத்தில் மனிதர்களை வரையலாம். தேறாவிட்டால் வீட்டில் உட்கார்ந்து காய் நறுக்கலாம்.

அவர் வரைந்த மூட்டை பார்ப்பதற்கு லட்சணமாக இருந்தது. தைத்த விளிம்பு, துணியின் மடிப்பு, நிழல், ஒன்றிலும் குறை இல்லை. மேல்மூலை இரண்டும் ஒரே மட்டத்தில் இருந்தன. மூட்டை நேராக நம்மைப் பார்த்தது, முகம் இல்லாமலே.

பாடம் நடத்தும் மிஸ் அதை வெகுநேரம் பார்த்தாள். அவளுக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும்.

"சார், இந்த மூட்டைகிட்ட யாராவது 'அசையாதே'ன்னு சொன்னாங்களா?"

அவர் என்ன தொழில் செய்தார் என்று அவளுக்குத் தெரியாது. ஸ்டூடியோக்காரருக்குக் காது சிவந்துவிட்டது.

அவர் செய்த தப்பு இன்னொருவர் செய்யக்கூடிய தப்பு இல்லை. மூட்டை குதிக்க வேண்டும். குதிக்கும் முன் ஒரு படம், இறங்கிய பின் ஒரு படம். இவை முக்கியப் படங்கள். நடுவே வரும் படங்களில் மூட்டை யாரோ ஏறி உட்கார்ந்ததுபோல நசுங்கியும், மென்று துப்பியதுபோல இழுபட்டும் இருக்க வேண்டும். மிஸ் சொன்னபடி அப்படியே வரைந்துவிடுவார். வரைந்ததைத் தள்ளி வைத்துப் பார்ப்பார். பார்த்ததும் உள்ளே இருக்கும் ஸ்டூடியோ முழித்துக்கொள்ளும். 'ஆடிப்போன படம். கெட்டுப்போச்சு. கஸ்டமர் திரும்ப வந்து சண்டை போடுவான்.' கை தானாக ரப்பரை எடுக்கும். இழுபட்ட மூட்டையைக் கசக்கிக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு, அந்த இடத்தில் நல்ல மூட்டை ஒன்றை உட்காரவைப்பார். தாள்களை விரலால் சரசரவென்று புரட்டினால் மூட்டை குதிக்காது. வரிசையில் முன்னால் இருக்கிறவர் நகர்ந்ததும் நாமும் ஓரடி நகர்வோமே, அப்படி நகரும்.

"மங்கின படத்தை எப்படி மிஸ் வெளிய குடுக்கறது?"

"இது கஸ்டமர் இல்ல சார். மூட்டை."

"மூட்டைக்கும் மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

மிஸ் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். "சார், தேர்வுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கு. இந்த மூட்டை இப்படியே மரியாதையா நின்னா, நீங்க அடுத்த பருவம் வர முடியாது. நான் பொய் சொல்ல மாட்டேன்."

4

[இந்தப் பகுதியில், அவர் கசக்கிப் போட்ட தாளை மிஸ் குப்பைத்தொட்டியிலிருந்து எடுத்து, மேசைமேல் வைத்து நீவி, மற்ற தாள்களுக்கு நடுவே செருகிப் புரட்டுவதாகவும், மூட்டை ஜிவ்வென்று குதிப்பதாகவும் எழுதியிருந்தேன். கிழித்துப் போட்டுவிட்டேன். ரொம்பப் பொருத்தமாக இருந்தது. இப்படிப் பொருந்தினால் 'இது எழுத்தாளன் பார்த்த வேலை' என்று யாருக்கும் தெரிந்துவிடும். ஆகவே நான்காம் பகுதி கிடையாது. நேராக ஐந்துக்குப் போங்கள்.]

5

மனைவியைப் பற்றி இன்னும் சரியாகச் சொல்லவில்லை. கதையில் அவரை ஓரமாக, சின்னதாக வைப்பது என் திட்டம். முடியவில்லை. அனிமேஷனில் இதற்கு ஒரு விளக்கம் உண்டு: எங்கே முடியும் என்று குறிக்காமல், முதல் தாளிலிருந்து வரைந்துகொண்டே போனால் உருவம் நமக்குத் தெரியாமலே தாளுக்குத் தாள் பெருத்துக்கொண்டு போகும். கடைசியில் தலை தாளுக்கு வெளியே நிற்கும். அந்த அம்மா அப்படி வந்துகொண்டிருக்கிறார். வழிவிடுவோம்.

அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். எல்லாருக்கும் டிரைவிங் மேடம். ஒரே வீட்டில் ஒருவர் 'அசையாதீங்க' என்றும், இன்னொருவர் 'பயப்படாம நகருங்க' என்றும் சொல்லிச் சம்பாதித்துக்கொண்டிருந்தார்கள். மேடத்தின் மூக்குக்கண்ணாடி எப்போதும் கழுத்துக் கயிற்றில் தொங்கும். தூரத்துக்கு ஒன்று, கிட்டத்துக்கு ஒன்று என்று மாற்றி மாற்றி மாட்டச் சோம்பல் பட்டு, இரண்டையும் மாட்டாமல் விட்டுவிட்டார்.

இந்தச் சம்பவத்தை மட்டும் மேடம் சத்தியம் பண்ணிச் சொன்னார்.

அன்று வகுப்பில் மிஸ் ஒரு விதி சொல்லிக்கொடுத்திருந்தாள். "எந்த அசைவுக்கும் முன்னாடி, அதுக்கு எதிர்ப்பக்கமா ஒரு சின்ன அசைவு வரும். குதிக்கணும்னா முதல்ல குனியணும். அடிக்கணும்னா முதல்ல கையை ஓங்கணும். அந்த ஓங்கல் இல்லாட்டி, பார்க்கிறவங்களுக்கு எதுவும் நம்பிக்கையா இருக்காது." ஸ்டூடியோக்காரர் குறித்துக்கொண்டார், ஆனால் மண்டையில் ஏறவில்லை. வகுப்பு முடிந்து வந்தால், பள்ளி வாசலில் மேடத்தின் பயிற்சிக் கார் நின்றது. ஓட்டுநர் இருக்கையில் ஒரு பல் டாக்டர். ஊரார் வாயில் ஊசி குத்தும்போது நடுங்காத கை, கியரைத் தொட்டால் நடுங்கும். பக்கத்து இருக்கையில் மேடம். பின்னால் ஏறி ஸ்டூடியோக்காரர் தாள் பையும் தானுமாக உட்கார்ந்தார்.

"கிளட்ச்சை மெதுவா விடுங்க டாக்டர். மெதுவா. பூ மாதிரி."

டாக்டர் பூவை உதறினார். கார் எகிறிப் பாய்ந்தது, உடனே மேடம் தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்தார். கார் நின்றுவிட்டது. ஆனால் உள்ளே இருந்தவை நிற்கவில்லை. முதலில் மூன்று தலைகள் முன்னால் போயின. தலைகள் திரும்பி வரும்போது ஸ்டூடியோக்காரரின் பை முன்னால் போனது. பையும் அடங்கிய பிறகு, மேடத்தின் கயிற்றில் தொங்கிய கண்ணாடி மட்டும் போய், வந்து, போய், வந்து, சாவகாசமாக நின்றது.

"ஆஹா!" என்று கத்தினார் ஸ்டூடியோக்காரர். "கண்ணாடி கடைசில! பார்த்தீங்களா, கண்ணாடி கடைசில வருது! டாக்டர், இன்னொரு தடவை அதே மாதிரி நிறுத்துங்க!"

டாக்டர் இதைக் குத்தல் என்று எடுத்துக்கொண்டார். அவருக்கு அழுகை வரப்பார்த்தது. "நான் வேணும்னா இறங்கிக்கறேன்" என்றார்.

மேடம் மெதுவாகப் பின்னால் திரும்பினார். உதடு இறுகியது. மூக்கு விடைத்தது. புருவம் நெரிந்தது. ஸ்டூடியோக்காரருக்கு அந்த முகம் அத்துப்படி. வீட்டில் அந்த முகம் வந்தால், வாசலில் யாரோ கூப்பிட்ட மாதிரி எழுந்து போய்விடுவார். இன்று காரில் மாட்டிக்கொண்டார், கதவில் உள்ளிருந்து திறக்காத குழந்தைப் பூட்டு. வேறு வழியில்லாமல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அடுத்த கணம் அந்த முகம் உடைந்தது. தோள் இரண்டும் இறங்கின, தலை பின்னால் சாய்ந்தது, வலது கை வட்டமடித்துப் போய் டாக்டரின் தோளில் பளீரென்று விழுந்தது, அதற்கெல்லாம் பிறகுதான் சத்தம் வந்தது. தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சிரித்து முடித்த பின்னும் கயிற்றில் கண்ணாடி ஆடிக்கொண்டிருந்தது.

ஸ்டூடியோக்காரருக்கு மண்டைக்குள் விளக்கு எரிந்தது. அந்த இறுகிய முகம் கோபம் இல்லை. ஓங்கல்! சிரிப்பு பாயும் முன் பின்வாங்குகிறது. கோபத்துக்கும் மேடத்துக்கு அதே ஓங்கல்தான், அதிலும் சந்தேகமில்லை. இரண்டும் ஒரே படத்தில் தொடங்கி, அடுத்த படத்தில்தான் பிரிகின்றன. கேமராவுக்குப் பின்னால் தான் குனிந்து நிற்கும் லட்சணத்தைப் பார்த்து அவள் ஒவ்வொரு தடவையும் சிரிக்கப்போயிருக்கிறாள். தான் ஒவ்வொரு தடவையும் 'அசையாதே' என்று சொல்லி, ஒரு படம் முன்னாலேயே பட்டனை அமுக்கித் தொலைத்திருக்கிறோம். வாசலில் யாரோ கூப்பிட்டதாக எழுந்து போன நாட்களில் எத்தனை சிரிப்பு போயிற்றோ. அவருக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடச் சந்தோஷமாக இருந்தது. பின்சீட்டில் உட்கார்ந்து டாக்டரைவிட அதிகமாக நடுங்கினார்.

"என்னங்க, முழி பிதுங்குது? மயக்கமா?" என்றார் மேடம்.

"ஒண்ணுமில்ல. நீ ஓட்டச் சொல்லு."

4 (மறுபடியும்)

[கிழித்த நான்காம் பகுதியை எடுத்துவந்திருக்கிறேன். கசங்கித்தான் இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். அதில் மிஸ் குப்பைத்தொட்டிக்குள் கைவிட்டாள் என்றேனே, அது மட்டும் பொய். கைவிட்டது அவரே.]

மறுநாள் வகுப்புக்குள் நுழைந்தவர் தன் மேசைக்குப் போகவில்லை. நேராக மூலைக்குப் போய், குப்பைத்தொட்டியைத் தரையில் கவிழ்த்து, அதன் முன் மண்டி போட்டார். பென்சில் சீவல், ரொட்டித் துண்டு, யாரோ அழுது துடைத்த காகிதம், இவற்றுக்கு நடுவே அவருடைய ஆடிப்போன மூட்டைகள் கிடந்தன. ஒவ்வொன்றாக எடுத்துத் தொடையில் வைத்து நீவினார். அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேசைமேல் வைத்து வரிசைப்படுத்தினார். நசுங்கியது, இழுபட்டது, கோணிக்கொண்டது. புரட்டினார்.

மூட்டை குனிந்தது, தம் கட்டியது, குதித்தது. இறங்கி, தொப்பை குலுங்கி நின்றது. கயிறு மட்டும் கடைசியாக வந்து சேர்ந்தது.

மறுபடி புரட்டினார். மறுபடி குதித்தது. நீலத்தலைப் பெண்ணைக் கூப்பிட்டுக் காட்டினார். மிஸ்ஸைக் கூப்பிட்டுக் காட்டினார். தண்ணீர் கேன் போட வந்தவரையும் விடவில்லை. "குதிக்குது! பாருங்க, மங்கின படம்தான் குதிக்குது!" என்று சொல்லிச் சொல்லி, சொல்லும்போதெல்லாம் தானும் குதித்தார். அவர் குதிக்கும் முன் குனிந்ததை மிஸ் கவனித்தாள்.

6

பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. தேர்வுக்கு மூட்டை என்ன செய்யப்போகிறது என்று மிஸ் கேட்டபோது "சிரிக்கப்போகுது" என்றார்.

"முகமே இல்லாமயா?"

"நான் பார்த்த சிரிப்புக்கு முகம் தேவையே இல்ல மிஸ்."

வீட்டில் மேடத்தைச் சிரிக்கவைத்துப் பார்த்து வரையலாம் என்று திட்டம். செய்தித்தாளில் வந்த துணுக்கை வாசித்தார். மேடம் "ம்" என்றார். வேண்டுமென்றே சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வந்தார். "திருப்பிப் போடுங்க" என்றார் மேடம். வழுக்கி விழுவதுபோல நடித்தபோது மேடம் சுளுக்குத் தைலம் எடுத்துவந்தார். கடைசியில் மனிதர் குளியலறைக் கண்ணாடி முன் நின்று, மனைவி சிரிப்பதுபோல உடம்பைப் பின்னால் சாய்த்து, கையை வட்டமடித்து, சோப்புப் பெட்டியைத் தட்டிவிட்டு—

[சோப்புப் பெட்டி வேண்டாம். ஏற்கெனவே வழுக்கி விழுந்தாயிற்று.]

—நினைவிலிருந்தே வரைந்தார். தாளின் நடுவில் ஒரு பெரிய மூட்டை. அதன் பக்கத்தில் ஒல்லியாக, கொஞ்சம் கூன் போட்ட சின்ன மூட்டை. சின்ன மூட்டை என்னவோ கோமாளித்தனம் செய்கிறது. பெரிய மூட்டை மெல்லத் திரும்புகிறது. மேல்விளிம்பு இறுகுகிறது. சின்ன மூட்டை பயந்து ஓரடி நகர்கிறது. ஓடிவிடாமல் நிற்கிறது. பிறகு பெரிய மூட்டை சிரிக்கிறது. நசுங்கி, நீண்டு, கோணி, தாளையே குலுக்கிச் சிரிக்கிறது. சின்னதன் முதுகில் ஒரு அறை. கடைசியாகக் கயிறு ஆடுகிறது, கண்ணாடி ஆடியதுபோலவே.

மிஸ் பார்த்தாள். தாள்களை வாங்கி மறுபடி புரட்டினாள். பிறகு, "இது யாரு சார்?" என்றாள்.

"மூட்டைதான் மிஸ்" என்றார் அவர். ஆனால் காது சிவந்துவிட்டது.

7

தேர்வு முடிந்தது, தேறினார், கதை சுபம். அப்படி முடித்துவிட்டுத் தைலம் தடவிக்கொண்டு படுத்திருப்பேன். விடவில்லை அந்த அம்மா. புரொஜெக்டர்காரர் ஏணியில் ஏறிக்கொண்டிருந்த நேரத்தில் என்னிடம் சொன்னார்:

"எனக்கு ஒரு அண்ணன் தம்பி. சின்ன வயசுல நான் குண்டா இருப்பேன். மூட்டை, மூட்டைன்னே கூப்பிடுவான். பத்திக்கிட்டு வரும் எனக்கு. எம்பொண்ணு கல்யாணத்துக்கு வந்தவன் நாலு பேர் முன்னாடி 'எங்க நம்ம மூட்டை?'ன்னான். சாப்பாட்டுப் பந்தி முடியறவரைக்கும் வாசல்லயே நிக்க வெச்சுட்டேன். இன்னிக்கு வரைக்கும் பேச்சு கிடையாது. அந்த ஒரு வார்த்தை மட்டும் என்கிட்ட ஆகாது."

[இங்கே 'தம்பி' என்றது என்னை. அண்ணனுக்குத் தம்பி யார் என்று தேடவேண்டாம்.]

அப்போது எனக்கு இது வெறும் குடும்பக் கதை. படத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு விபரீதம் புரிந்தது. அப்படியானால் அந்தப் பின்மண்டைக்கு எப்படி இருந்திருக்கும்?

அவருக்கு இது மறந்தே போயிருந்தது என்று வைத்துக்கொள்கிறேன். அவரைப் பொறுத்தவரை மூட்டை என்பது இப்போது ஒரு பாடம், ஒரு சந்தோஷம், ஒரு நண்பன். படத்தைப் பள்ளியில் ஒப்படைத்துவிட்டு, மனைவியை அழைத்துவிட்டு, அரங்கத்துக்குக் கிளம்பும் நேரத்தில்தான் அது மண்டையில் இடித்திருக்க வேண்டும். மேடம் அன்றைய வகுப்புகளை ரத்து செய்துவிட்டு, இஸ்திரி போட்ட உடையில், கண்ணாடியைக் கயிற்றில் மாட்டிக்கொண்டு நின்றார்.

"என்னங்க உங்க படத்துல? சொல்லவே மாட்டேங்கறீங்க."

"அது... ஒரு... சாமான்."

"என்ன சாமான்?"

"மாவு வைப்பாங்கல்ல. அது."

"டப்பாவா?"

"அந்த மாதிரிதான்."

வழியெல்லாம் அவர் என்ன நினைத்திருப்பார் என்று எழுதிப் பார்த்தேன். 'வயிறு வலிக்குது, வீட்டுக்குத் திரும்பிடலாம்' என்று சொல்லலாமா? மிஸ்ஸிடம் போய் படத்தைக் காட்ட வேண்டாம் என்று கேட்கலாமா? கேட்டால் கிடைக்கும். இன்னொரு முறை மனைவியை அசையாமல் நிறுத்திவிடலாம். அது அவருக்குக் கைவந்த கலை.

அவர் கேட்கவில்லை. அந்தச் சிரிப்பை நாலு பேர் பார்க்க வேண்டும். முதலில் அவள் பார்க்க வேண்டும். அண்ணனைப்போலத் தானும் வாசலில் நிற்க நேர்ந்தால், நிற்பது என்று முடிவுசெய்து முன்வரிசையில் போய் உட்கார்ந்தார்.

8

புரொஜெக்டர் சரியாயிற்று. ஒரு பந்து துள்ளியது, ஒரு வால் ஆடியது, நீலத்தலைப் பெண்ணின் மூட்டை காதல் தோல்வியில் சுருண்டு படுத்தது. கைதட்டினோம். பிறகு வெள்ளைத் தாளில் இரண்டு மூட்டைகள் வந்தன.

"ஐய, டப்பான்னார்" என்றார் என் பக்கத்து அம்மா.

பெரிய மூட்டை திரும்பியது. இறுகியது. சிரித்தது. அரங்கம் வெடித்தது. நானும் சிரித்தேன். சின்ன மூட்டை அறை வாங்கியபோது பின்னால் யாரோ விசிலடித்தார்கள். கயிறு போய், வந்து, போய், வந்து நின்றது. பக்கத்தில் மட்டும் சத்தமே இல்லை. நான் திரும்பினேன். அம்மா தன் கழுத்தில் தொங்கிய கண்ணாடிக் கயிற்றை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இனி முடிவு. என்னிடம் மூன்று இருக்கின்றன.

முதலாவது: மேடம் எழுந்து, "என்னையா மூட்டைன்னீங்க?" என்று கேட்டுவிட்டு மழையில் நடந்து போய்விடுகிறார். [ஏற்பாடு செய்ததெல்லாம் இதற்காகத்தானே என்று தோன்றும். ஆனால் இப்படி முடித்தால் எனக்கு ராத்திரி தூக்கம் வராது.]

இரண்டாவது: அவர் கண்ணில் ஒரு துளி— [போதும். அழுகையில் முடிக்க யாராலும் முடியும்.]

மூன்றாவது: புரொஜெக்டர் மறுபடி மக்கர் பண்ணி இருட்டாகிவிடுகிறது. [கோழை.]

ஆகவே பார்த்ததை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். விளக்குகள் எரிந்தன. முன்வரிசையில் அந்தப் பின்மண்டை திரும்பியது. முதல் முறையாக அவர் முகத்தைப் பார்த்தேன். நான் கட்டியிருந்ததைவிடச் சாதாரண முகம். அவர் எழுந்து நின்று மூன்றாவது வரிசையைப் பார்த்தார். வாசலில் யாரும் கூப்பிட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. 'அசையாதே' என்று சொல்லவில்லை. கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டே நின்றார்.

என் பக்கத்தில் மேடத்தின் உதடு இறுகியது. மூக்கு விடைத்தது. புருவம் நெரிந்தது.

இங்கே நிறுத்துகிறேன். ஒரு படம் முன்னாலேயே அமுக்கிவிட்டேன், தெரியும். கோபத்துக்கும் சிரிப்புக்கும் இதே ஓங்கல்தான் என்பதும் உங்களுக்குத் தெரியும். முக்கியப் படத்தை நான் கொடுத்துவிட்டேன். அடுத்த தாளைக் காலியாக விட்டிருக்கிறேன். அதை நீங்கள் வரைந்துகொள்ளுங்கள். மங்கலாக, கோணலாக வந்தாலும் பரவாயில்லை, தயவுசெய்து குப்பையில் போடாதீர்கள்.

நானே வரைந்து தரலாம்தான். ஆனால் அந்த அம்மாவுக்கு வலது பக்கம் உட்கார்ந்திருந்தவன் நான். இடது கையைத் தூக்க முடியவில்லை.